மகனின் பாடத்தில் ‘ஹக்கிள்பெரி ஃபின்’: எதிர்ப்பு மனுவில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: “என் மகன் அமெரிக்காவில் ஓர் அரசுப் பள்ளியில் 11-ஆம் வகுப்பு படிக்கிறான். ஆங்கிலத்துக்கு மார்க் ட்வைனின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலைப் பாடமாக வைத்திருக்கிறார்கள். விருப்பமில்லாதவர்கள் வேறு புத்தகம் கேட்கலாம் என்று ஒரு படிவமும் வந்திருக்கிறது. நாவலைப் புரட்டிப் பார்த்தேன். கறுப்பின மக்களை இழிவாகச் சொல்லும் அந்த வார்த்தை பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. பள்ளிக்கூடம் பிடிக்காத, பொய் சொல்கிற, திருடுகிற பையன்தான் கதாநாயகன். இதில் பிள்ளைகளுக்கு என்ன நீதி இருக்கிறது? போதாக்குறைக்கு, பள்ளியில் சாப்பாட்டு மேசையில் சில பையன்கள் ‘புத்தகத்திலேயே இருக்கே’ என்று சொல்லி அந்த வார்த்தையை ஒரு கறுப்பின மாணவனைப் பார்த்துச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். என் மகனும் சிரித்தானாம், அவனே சொன்னான். நாவலைப் பாடத்திலிருந்து எடுக்கச் சொல்லிப் பெற்றோர் சிலர் மனு தயாரித்து என் கையெழுத்தும் கேட்கிறார்கள். ‘கிளாசிக்கைப் படிக்காமல் எப்படி, நாளைக்கு காலேஜுக்கு வேண்டாமா?’ என்கிறார் கணவர். நல்ல அப்பா ஒருவர் வரும் ‘டு கில் எ மாக்கிங்பர்ட்’ மாதிரிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கு என்கிறாள் தோழி. நான் என்ன செய்ய?”

அன்புள்ள சகோதரிக்கு,

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரணங்களை அப்புறம் பேசலாம். பையன் அந்த நாவலைப் படிக்கட்டும். மனுவில் கையெழுத்துப் போட வேண்டாம். ஆனால் சாப்பாட்டு மேசையில் நடந்ததைப் பள்ளிக்கு இன்றே தெரிவியுங்கள். மூன்றில் அவசரமானது அதுதான். உங்கள் கடிதத்தில் அது ‘போதாக்குறைக்கு’ என்று நடுவில் வந்துபோகிறது.

நான் இங்கே ஓர் உயர்நிலைப் பள்ளியில் நூலகர். புத்தகங்கள் மீது வரும் ஆட்சேபங்களைப் பரிசீலிக்கும் குழுக்களிலும் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே வரும் மனுவைக் கொஞ்சம் கிளறினால், பல சமயம் அடியில் இப்படி ஒரு சம்பவம் கிடக்கும். யாரோ ஒரு பிள்ளை காயப்பட்டிருக்கும். சம்பவத்தை விசாரிப்பது சங்கடமான வேலை. பெயர்கள் வரும், பெற்றோரைக் கூப்பிட வேண்டும். புத்தகத்தை எடுப்பது சுலபம். அதனால் எல்லோரும் புத்தகத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.

அரிசோனா மாநிலத்தின் டெம்பியில் 1990-களில் இதே நாவலை வைத்து ஒரு வழக்கு நடந்தது. ஒன்பதாம் வகுப்பில் இதைக் கட்டாயமாகப் படிக்க வைத்தார்கள். அதன்பின் தன் மகளையும் மற்ற கறுப்பினப் பிள்ளைகளையும் சக மாணவர்கள் அந்தச் சொல்லால் கூப்பிடுவது அதிகமாகிவிட்டது, பள்ளி கண்டுகொள்ளவில்லை என்று ஒரு தாய் வழக்குப் போட்டார். 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு நாவலைப் பாடமாக வைத்தது இனப் பாகுபாடு என்று சொல்லி நீதிமன்றம் மூலம் அதை எடுக்க வைக்க முடியாது, அது மற்ற மாணவர்களின் படிக்கும் உரிமையைப் பறிப்பதாகும் என்றது. ஆனால் மாணவர்கள் இனத்தைச் சொல்லித் துன்புறுத்துவது தெரிந்தும் பள்ளி சும்மா இருந்தது என்ற குற்றச்சாட்டைத் தள்ளிவிட முடியாது, அதை விசாரிக்கத்தான் வேண்டும் என்றும் சொன்னது. புத்தகம் ஒரு விஷயம், மேசையில் நடப்பது வேறு விஷயம். இரண்டாவதற்குப் பள்ளிதான் பொறுப்பு. உங்கள் மகனும் சிரித்தவர்களில் ஒருவன் என்பதால் நீங்கள் தயங்குவது புரிகிறது. தயங்காதீர்கள். அவன் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்.

புத்தகத்தை எடுத்துவிட்டால் இது நின்றுவிடுமா? கலிபோர்னியாவின் பர்பேங்க் நகரில் 2020-இல், கறுப்பினப் பெற்றோர் உட்படச் சிலர் புகார் கொடுத்தபின், ஐந்து நாவல்களைக் கட்டாயப் பாடப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். ‘ஹக்கிள்பெரி ஃபின்’, ‘மாக்கிங்பர்ட்’ இரண்டும் அதில் உண்டு. உங்கள் தோழி சொல்லும் மாற்றுப் புத்தகமும் அதே பட்டியலில்தான் மாட்டியிருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே போன இன்னொரு நாவல், மில்ட்ரெட் டெய்லர் என்ற கறுப்பின எழுத்தாளர் தன் குடும்பம் பட்டதை வைத்து எழுதியது. சொல்லைத் தேடி வடிகட்டினால், அந்தச் சொல்லால் அடிபட்டவர்கள் எழுதியதும் சேர்ந்தே போகும். அந்தப் பெற்றோரின் வலி பொய் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் பிள்ளைகளுக்கு நடந்தது நிஜம். மருந்துதான் சரியில்லை.

இப்போது உங்கள் பெரிய கேள்விக்கு வருகிறேன்: இதில் என்ன நீதி?

நாமெல்லாம் பாட்டி வடை சுட்ட கதையைப் படித்துவிட்டு, கீழே ‘இக்கதையின் நீதி’ என்று ஒரு வரியைப் பரீட்சைக்கு எழுதிப் பழகியவர்கள். அந்தப் பழக்கத்தோடு இந்த நாவலைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே இடிக்கும். இந்தக் கதையில் நீதி தேடுகிறவர்கள் நாடு கடத்தப்படுவார்கள் என்று மார்க் ட்வைன் ஓர் எச்சரிக்கைப் பலகை மாட்டி வைத்திருக்கிறார். கதைக்கட்டு தேடுகிறவர்களைச் சுட்டுவிடுவார்களாம். அதைப் படித்துச் சிரிக்கலாம். ஆனால் அந்த ஆள் வெறும் விளையாட்டுக்கு எழுதவில்லை என்பது போகப்போகத்தான் தெரியும்.

நீங்கள் சொன்ன குற்றச்சாட்டு, அதாவது பையன் பொய் சொல்கிறான், திருடுகிறான், ஒழுங்காகப் பேசத் தெரியவில்லை என்பது, நாவலின் வயதே ஆன குற்றச்சாட்டு. அமெரிக்காவில் புத்தகம் வெளிவந்தது 1885 பிப்ரவரியில். அடுத்த மாதமே மாசசூசெட்ஸின் கான்கார்ட் பொது நூலகம் அதைக் குப்பை என்று வெளியே போட்டது. எமர்சன், தோரோ போன்ற பெரிய எழுத்தாளர்கள் வாழ்ந்த ஊர் அது! மரியாதையான மனிதர்கள் படிக்கக்கூடியதல்ல என்றார்கள். ட்வைனுக்கு ஏக சந்தோஷம். இதனாலேயே 25,000 பிரதி விற்றுவிடும் என்று தன் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார். 1905-இல் நியூயார்க்கின் புரூக்ளின் நூலகம் அதைக் குழந்தைகள் பிரிவிலிருந்து எடுத்தது. ஹக் ஏமாற்றுக்காரன், அரித்தால் போதாதென்று சொறிந்தும் கொள்கிறான், வியர்வைக்கு நாகரிகமான சொல் இருக்க, கொச்சைச் சொல்லைச் சொல்கிறான். இவைதான் காரணங்கள். அடிமையாக விற்கப்பட்ட ஒரு மனிதனைப் பற்றிய நாவலில் அவர்கள் கண்ணில் பட்டது பையன் சொறிந்துகொண்டதுதான்.

கறுப்பின மக்களின் ஆட்சேபம் பள்ளி நிர்வாகங்களின் காதில் விழுவதற்கு இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று. 1957-இல் நியூயார்க் நகரக் கல்வி வாரியம் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளின் பாடநூல் பட்டியலிலிருந்து இதை எடுத்தது. 1982-இல் வர்ஜீனியாவில், அதுவும் மார்க் ட்வைன் பெயரே சூட்டப்பட்ட ஒரு பள்ளியில், ஒரு கறுப்பின அதிகாரி இது இனவெறிக் குப்பை என்று சொல்லி எதிர்த்தார். கான்கார்டும் குப்பை என்றது, இவரும் குப்பை என்றார். ஆனால் இரண்டு ஆட்சேபங்களையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். முதலாவது, பிள்ளைகளுக்கு நாகரிகம் கெட்டுவிடும் என்ற கவலை. இரண்டாவது, வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை அவமானப்படுகிறது என்ற கோபம். முதலாவதை நான் லேசாகத்தான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவதற்குப் பதில் சொல்லாமல் யாரும் இந்த நாவலைப் பாடமாக வைக்கக் கூடாது. உங்கள் கடிதத்தில் இரண்டும் கலந்து கிடக்கின்றன, அதனால்தான் பிரித்துச் சொல்கிறேன்.

ஹக்குக்கு பதின்மூன்று, பதினான்கு வயது. குடிகார அப்பாவிடமிருந்து தப்பி ஓடுகிறான். ஜிம், மிஸ் வாட்சன் என்ற அம்மாளின் அடிமை. தன்னை விற்கப்போகிறார்கள் என்று தெரிந்து ஓடுகிறவன். இருவரும் ஒரே தெப்பத்தில் மிசிசிப்பி ஆற்றில் இறங்கிப் போகிறார்கள். மிசௌரி அடிமை முறை இருந்த மாநிலம். அங்கே ஓடிப்போன அடிமைக்கு உதவுவது திருட்டு. ஊர் அப்படித்தான் சொல்கிறது, சட்டம் சொல்கிறது, ஞாயிறு பள்ளியில் பைபிள் பாடம் எடுப்பவர்களும் சொல்கிறார்கள்.

16-ஆம் அத்தியாயத்தில் ஜிம் தன் கனவைச் சொல்கிறான். விடுதலை கிடைத்ததும் சம்பாதித்து மனைவியை விலைகொடுத்து மீட்பேன், பிறகு பிள்ளைகளை மீட்போம், முதலாளி விற்க மறுத்தால் ஆள் வைத்தாவது கடத்திவருவேன் என்கிறான். ஹக்குக்கு அதிர்ச்சி. எனக்கு ஒரு தீங்கும் செய்யாத, எனக்குத் தெரியாத ஒரு மனிதரின் சொத்தான பிள்ளைகளைத் திருடுவேன் என்கிறானே என்று அவன் மனசாட்சி உறுத்துகிறது. ஒரு தகப்பன் தன் பிள்ளைகளைத் ‘திருடுகிறான்’! ஹக் கெட்ட பையன் என்பதால் இப்படி நினைக்கவில்லை. அவனுக்குக் கற்றுக்கொடுத்த நீதியே அதுதான்.

31-ஆம் அத்தியாயத்தில் ஜிம்மை ஒரு மோசடிக்காரன் நாற்பது டாலருக்கு விற்றுவிடுகிறான். ஹக் பிரார்த்தனை செய்யப் பார்க்கிறான், வார்த்தை வரவில்லை. பொய்யை வைத்துக்கொண்டு ஜெபிக்க முடியாது என்று புரிகிறது. சரி, செய்ய வேண்டியதைச் செய்வோம் என்று மிஸ் வாட்சனுக்குக் கடிதம் எழுதுகிறான்: உங்கள் ஜிம் இன்ன இடத்தில் இருக்கிறான், ஆள் அனுப்பினால் கிடைப்பான். எழுதி முடித்ததும் பாவமெல்லாம் கழுவிவிட்ட மாதிரி இருக்கிறது அவனுக்கு. உடனே ஜெபிக்கப் போகவில்லை. கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு யோசிக்கிறான். ராத்திரியில் தன்னை எழுப்பாமல் தன் முறைக்கும் சேர்த்து ஜிம் காவல் இருந்தது, மூடுபனியில் தொலைந்த தான் திரும்பி வந்தபோது அவன் சந்தோஷப்பட்டது, உலகத்திலேயே நீதான் எனக்கு நண்பன் என்று சொன்னது எல்லாம் நினைவுக்கு வருகின்றன. கடிதத்தைக் கையில் எடுக்கிறான், கை நடுங்குகிறது. “சரி, அப்படியானால் நான் நரகத்துக்கே போகிறேன்” என்று கிழித்துப் போடுகிறான்.

கவனியுங்கள், அடிமை முறை தவறு என்று அவன் கண்டுபிடிக்கவில்லை. தான் செய்வது பாவம் என்றே நம்புகிறான். நம்பிக்கொண்டே சரியானதைச் செய்கிறான். பல ஆண்டு கழித்து ட்வைன் தன் குறிப்பேட்டில், நல்ல இதயமும் கோணலாகிப்போன மனசாட்சியும் மோதி, மனசாட்சி தோற்கும் புத்தகம் இது என்று எழுதினார். நாவலுக்கு இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் படித்ததில்லை.

நீதிக் கதை, ஏற்கெனவே எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒன்றைத்தான் பிள்ளைக்குச் சொல்லும். அதற்கும் இடம் இருக்கிறது, ஆறு வயதில். பதினாறு வயதில், ஊரே சேர்ந்து ஒத்துக்கொண்டது தவறாக இருந்தால் என்ன செய்வாய் என்று ஒருவர் கேட்க வேண்டும். அதை உபதேசமாகக் கேட்டால் எந்தப் பையனும் சரியான விடையைச் சொல்லிவிடுவான். நாவல் அவனைத் தப்பான ஆளின் மூளைக்குள் உட்கார வைத்துக் கேட்கிறது.

அதற்கு அடுத்த அத்தியாயத்தில்தான் என்னைப் பொறுத்தவரை நாவலின் மிகக் கூர்மையான இடம். நரகத்துக்குப் போகத் துணிந்த அதே ஹக், சாலி என்ற பெண்மணியிடம் நீராவிப் படகில் ஏதோ வெடித்தது என்று கதை விடுகிறான். யாருக்காவது அடிபட்டதா என்று கேட்கிறார். இல்லை அம்மா, ஒரு கறுப்பன் செத்தான், அவ்வளவுதான் என்கிறான் (அந்த இழிசொல்லைத்தான் சொல்கிறான்). நல்லவேளை, சில நேரம் மனிதர்களுக்கு அடிபட்டுவிடும் என்கிறார் அவர். அன்பான, விருந்தோம்பல் தெரிந்த, சாமி கும்பிடுகிற பெண்மணி அவர். இந்த நாலு வரியை ஒரு நல்ல ஆசிரியர் வகுப்பு முழுக்கப் பேச வைப்பார். அவர் நம்பட்டும் என்று ஹக் அவர் பாஷையிலேயே பேசுகிறானா, அல்லது அவனுக்குள்ளும் அது அப்படியே இருக்கிறதா? மாணவர்கள் சண்டை போட்டுக்கொள்வார்கள். எனக்கும் இன்றுவரை ஒரே விடை கிடையாது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு நாவலின் குறையை மறைத்தால் அது நேர்மையில்லை. கடைசிப் பத்துப் பதினொரு அத்தியாயங்கள் என்னைக் கோபப்படுத்துகின்றன. ஹக்கின் நண்பன் டாம் சாயர் வந்து சேர்கிறான். ஜிம்மைச் சும்மா திறந்துவிட்டால் சுவாரசியமில்லை என்று, சாகசக் கதைகளில் வருவது போலச் சிறை உடைப்பு நாடகம் போடுகிறான். ஜிம்மின் குடிசைக்குள் எலி, பாம்பு, சிலந்தி எல்லாம் கொண்டுவந்து விடுகிறார்கள். அவ்வளவு நேரம் தகப்பனாகவும் நண்பனாகவும் இருந்த மனிதன் பையன்களின் பொம்மையாகிவிடுகிறான். ஹக்கும் கூட நிற்கிறான். கடைசியில் பார்த்தால், மிஸ் வாட்சன் இரண்டு மாதத்துக்கு முன்பே இறந்துபோய், உயிலில் ஜிம்மை விடுதலை செய்துவிட்டார். டாமுக்கு இது முதலிலிருந்தே தெரியும். பொறுமையாகக் கைதியாக நடித்ததற்கு ஜிம்முக்கு அவன் கொடுக்கும் கூலி நாற்பது டாலர். விற்ற விலையும் அதே நாற்பது.

ஜிம்மை விற்கும் இடத்தோடு படிப்பதை நிறுத்திவிடுங்கள், மீதி ஏமாற்று வேலை என்றார் அமெரிக்க நாவலாசிரியர் ஹெமிங்வே. நவீன அமெரிக்க இலக்கியம் முழுவதும் இந்த ஒரு புத்தகத்திலிருந்து வந்தது என்று சொன்னவரும் அவர்தான். நிறுத்தச் சொல்லும் யோசனையை நான் ஏற்க மாட்டேன். அந்தப் பகுதியைத்தான் வகுப்பில் பேச வேண்டும். நல்லது செய்யத் துணிந்த பையன், செல்வாக்குள்ள நண்பன் ஒருவன் வந்ததும் ஏன் கூட நின்று வேடிக்கை பார்த்தான்? உங்கள் வீட்டுப் பையனுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் இந்தக் கேள்வி எவ்வளவு பக்கம் என்று உங்களுக்கே தெரியும்.

கறுப்பின நாவலாசிரியர் டோனி மாரிசன் 1996-இல் வந்த ஒரு பதிப்புக்கு முன்னுரை எழுதினார். சிறுமியாக இதைப் படித்தபோது உண்டான பயத்தையும் கலக்கத்தையும் அதில் மறைக்கவில்லை. பள்ளியில் ஆசிரியர் மேற்பார்வையில் படித்ததும் அவருக்கு உதவவில்லை. ஆனாலும் நாவலைப் பாடத்திலிருந்து எடுக்கும் முயற்சிகளைப் பற்றி, பிள்ளைகளுக்குக் கல்வி தருவதைவிடப் பெரியவர்களைச் சமாதானப்படுத்தவே ஆன தணிக்கை என்று எழுதினார். பயமும் உண்மை, தணிக்கை வேண்டாம் என்பதும் உண்மை. இரண்டையும் ஒருவரே சொல்லியிருப்பதால் அந்த முன்னுரையை ஆசிரியர்களுக்கு நான் விடாமல் பரிந்துரைக்கிறேன்.

அந்தச் சொல் 200 தடவைக்கு மேல் வருகிறது. 2011-இல் ஒரு பதிப்பாளர் அதை எடுத்துவிட்டு ‘அடிமை’ என்று போட்டு ஒரு பதிப்பு கொண்டுவந்தார். நல்ல எண்ணம்தான், ஆனால் சரிப்படவில்லை. ஹக்கின் குடிகார அப்பன் ஓரிடத்தில், ஒஹாயோவிலிருந்து வந்த, பல மொழி பேசும், ஓட்டுப் போடும் உரிமையுள்ள ஒரு கறுப்பினப் பேராசிரியரைப் பார்த்துவிட்டு அந்தச் சொல்லாலேயே வசைமாரி பொழிகிறான். அந்தப் பேராசிரியர் யாருக்கும் அடிமை இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத குடிகாரனுக்கு அவரைவிடத் தான் உசத்தி என்ற நினைப்பு எங்கிருந்து வந்தது என்பதுதான் அங்கே விஷயம். அச்சில் இருப்பது இருக்கட்டும். ஆனால் வகுப்பில் யாரும் அதை வாய்விட்டுப் படிக்கக் கூடாது, ஆசிரியர் உட்பட. இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. பக்கத்தில் இருக்கும் சொல்லைக் கண் படித்துக்கொள்ளும். காதில் விழுந்தால் அது பக்கத்து இருக்கைப் பிள்ளை மேல் விழும்.

‘மாக்கிங்பர்ட்’ பற்றி. நல்ல நாவல், 1960-இல் வந்தது, அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு. ஆனால் அது பாதுகாப்பான புத்தகம் என்று நினைத்து மாற்றாதீர்கள். 1966-இல் வர்ஜீனியாவின் ஹானோவர் மாவட்டக் கல்வி வாரியம் அதை ஒழுக்கக்கேடானது என்று தள்ளியது. நாவலை எழுதிய ஹார்ப்பர் லீ ஒரு செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதி, அந்த வாரியத்தை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கச் செலவுக்கு என்று சிறு நன்கொடையும் இணைத்து அனுப்பினார். 2017-இல் மிசிசிப்பியின் பிலாக்ஸியில் மக்களுக்குச் சங்கடமாக இருக்கிறது என்று எட்டாம் வகுப்பிலிருந்து எடுத்தார்கள். பிறகு பெற்றோர் சம்மதத்தோடு படிக்கலாம் என்றார்கள். வெள்ளையர் ஒருவர் வந்து கறுப்பினத்தவரைக் காப்பாற்ற முயலும் கதையாகவே இருக்கிறது, குற்றம் சாட்டப்பட்ட டாம் ராபின்சனுக்கு அதில் வாழ்க்கையே இல்லை என்ற விமர்சனத்திலும் நியாயம் உண்டு. தோழி சொல்லும் அந்த நல்ல அப்பா, டாம் ராபின்சனுக்காக வாதாடும் வக்கீல் அட்டிகஸ் ஃபின்ச்சை எனக்கும் பிடிக்கும். ஆனால் அவர் நல்லவர் என்று முதல் பக்கத்திலிருந்தே தெரிந்துவிடுவதால் வாசகன் சௌகரியமாக அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறான். ஹக் அந்தச் சௌகரியத்தைக் கொடுப்பதில்லை.

அந்த நாவலிலும் எனக்குப் பிடித்த இடம் அட்டிகஸ் இல்லாத இடம்தான். ஹிட்லர் யூதர்களைத் துன்புறுத்துவது எவ்வளவு அநியாயம், நம் நாட்டில் அப்படியெல்லாம் கிடையாது என்று மிஸ் கேட்ஸ் என்ற டீச்சர் வகுப்பில் பாடம் எடுக்கிறார். அதே டீச்சர் வழக்கு முடிந்த அன்று கோர்ட் படியில், கறுப்பினத்தவரைப் பற்றி, இவர்களுக்கு யாராவது ஒரு பாடம் புகட்டத்தான் வேண்டும், தலைக்குமேல் போய்விட்டார்கள், அடுத்து நம்மையே கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று நினைப்பார்கள் என்று சொன்னதை அட்டிகஸின் மகள், சிறுமி ஸ்கவுட் கேட்டிருக்கிறாள். இந்தக் கடைசி வரியை நம் வீட்டுக் கல்யாணப் பேச்சுகளில் கேட்டதே இல்லை என்று உங்களால் சொல்ல முடிகிறதா? என்னால் முடியாது.

இனி நடைமுறை. மனுவில் கையெழுத்து வேண்டாம் என்றேன். காரணம், அது எல்லோருடைய பிள்ளைக்கும் சேர்த்து முடிவெடுக்கிறது. படிவம் அப்படியல்ல, உங்கள் பிள்ளையைப் பற்றி மட்டும் முடிவெடுக்க உங்களுக்குக் கொடுத்த உரிமை. அதைப் பயன்படுத்துவது தப்பில்லை. அந்தச் சொல்லைக் கேட்டுக் காயப்பட்ட பையனின் அம்மா வேறு புத்தகம் கேட்டால் நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேச மாட்டேன். உங்கள் பையனின் நிலை வேறு. வேறு புத்தகம் வாங்கிய பிள்ளைகள் அந்த வாரங்களில் என் நூலகத்துக்குத்தான் வருவார்கள். மூலை மேசையில் உட்கார்ந்து தனியாக ஒரு நாவலைப் படித்து, தனியாக ஒரு வினாத்தாளை நிரப்பிவிட்டுப் போவார்கள். புத்தகம் என்னவோ நல்ல புத்தகம்தான். பேச்சுதான் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. சிரித்த பையனுக்குத் தேவை அந்தப் பேச்சு.

மின்னசோட்டாவின் டுலூத் நகரில் 2018-இல் நடுவழி ஒன்றைப் பிடித்தார்கள்: இரண்டு நாவல்களையும் கட்டாயப் பட்டியலிலிருந்து எடுத்து, விருப்பப் பாடமாகவும் நூலகத்திலும் வைத்துக்கொண்டார்கள். தணிக்கை என்று அதை நான் கூவ மாட்டேன். எந்த நாவலுக்கும் பாடமாக இருந்தே தீர வேண்டும் என்ற பிறப்புரிமை கிடையாது. இதைச் சொல்லிக்கொடுக்கத் தெரியாத ஆசிரியர், ஒரே ஒரு கறுப்பினப் பிள்ளை இருக்கும் வகுப்பு, அந்தப் பிள்ளையிடம் ‘நீ என்ன நினைக்கிறாய்?’ என்று எல்லோர் முன்னாலும் கேட்கும் வழக்கம், இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் வேறு புத்தகம் எடுப்பதே மேல். கணவரிடமும் சொல்லுங்கள், கிளாசிக் என்ற பட்டம் மட்டும் ஒரு காரணம் ஆகாது. காலேஜ் நிச்சயமாக ஆகாது.

எனவே ஆசிரியரைப் பாருங்கள். அந்தச் சொல்லை வகுப்பில் எப்படிக் கையாளப் போகிறார், முதல் நாளே அதைப் பற்றிப் பேசினாரா, கடைசிப் பகுதிக்கு எத்தனை வகுப்பு ஒதுக்கியிருக்கிறார், கூட எதைப் படிக்க வைக்கிறார் என்று கேளுங்கள். ஃப்ரெடெரிக் டக்ளஸ் தன் அடிமை வாழ்க்கையைத் தானே எழுதிய 1845-ஆம் ஆண்டு நூல் சின்னது, இதனுடன் வைக்கத் தோதானது. ஹக்கின் கதையையே ஜிம்மின் வாயால் சொல்லும் பெர்சிவல் எவரெட்டின் ‘ஜேம்ஸ்’ 2024-இல் வந்து, மறு ஆண்டு புலிட்சர் வாங்கியது. உங்கள் பையன் ஆர்வம் காட்டினால் கோடை விடுமுறைக்கு அதை வாங்கிக் கொடுங்கள். நீங்களும் படியுங்கள், முதலில் ட்வைனை.

வீட்டில் அவனிடம் என்ன பேசுவது? சிரித்ததற்கு நீளமாக உபதேசம் வேண்டாம். அவனே வந்து சொன்னான் என்றால் அது ஏற்கெனவே அவனை உறுத்துகிறது. அந்தப் பையனிடம் போய் என்ன சொல்லப்போகிறாய் என்று மட்டும் கேளுங்கள். 15-ஆம் அத்தியாயத்தில் ஹக் ஜிம்மை ஒரு பொய்யால் ஏமாற்றி விளையாடுகிறான். ஜிம் மனம் நொந்து பேசிவிட்டுப் போனதும், போய் மன்னிப்புக் கேட்கத் தன்னைத் தயார்படுத்திக்கொள்ள ஹக்குக்குக் கால் மணி நேரம் ஆகிறது. உங்கள் பையனுக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகட்டும், பரவாயில்லை.

இன்னொன்று, கொஞ்சம் கடுமையாகத்தான் இருக்கும். வீட்டில் நாம் தமிழில் பேசிக்கொள்ளும்போது கறுப்பின மக்களை எப்படிக் குறிப்பிடுகிறோம்? ‘அந்த ஏரியா வேண்டாம், அங்கே அவங்கதான் அதிகம்’ என்று வீடு பார்க்கும்போது சொல்கிறோமே, பிள்ளைகள் பின்சீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் வருகிறார்கள். யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் கடையில் நின்றபடி தமிழில் நாம் சொல்வதெல்லாம் அவர்களுக்கு நன்றாகப் புரியும். சாப்பாட்டு மேசையில் வந்த சிரிப்புக்கு மார்க் ட்வைனை மட்டும் காரணம் சொல்லிவிட முடியாது.

படிவத்தைக் கையெழுத்திடாமல் விட்டுவிடாதீர்கள், ‘படிக்கச் சம்மதம்’ என்று குறித்துத் திருப்பி அனுப்புங்கள். கீழே கருத்து எழுத இடம் இருந்தால், இந்தச் சொல்லை வகுப்பில் யாரும் வாய்விட்டுப் படிக்க வேண்டாம், கடைசி அத்தியாயங்களில் ஜிம் நடத்தப்படும் விதத்தைக் கட்டாயம் விவாதியுங்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். எடு என்றோ வைத்துக்கொள் என்றோ எழுதும் பெற்றோர்தான் அதிகம். எப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எழுதுகிறவர்கள் ரொம்பக் குறைவு. ஆசிரியர் அதைப் படிப்பார். சாப்பாட்டு மேசை விஷயத்தை மட்டும் இந்தப் படிவத்தில் எழுத வேண்டாம். அது பள்ளி முதல்வருக்கும் ஆலோசகருக்கும் தனி மின்னஞ்சலாக, தேதியோடு போகட்டும்.